ஒன்று தசம் எட்டு

அத்தியாயம் 11

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை ஒருவரும் படம் எடுத்ததில்லை.

இது சிவதர்ஷன் கண்ட முடிவு. எட்டு மாதம் ஆராய்ந்து, பண்டத்தரிப்புச் சந்தியில் நான்கு சாட்சிகள் முன்னிலையில் அறிவித்த முடிவு. கமரா வந்திருக்கிறது, உண்மை. கமராவுக்கு முன்னால் சனம் நின்றிருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இத்தனை வருஷமாக நடந்தது பட்டன் அழுத்தல் மட்டுமே.

"உவன் ஸ்ரூடியோ ஜெறோமைப் பாருங்கோ," என்பான். "நெருங்கி நில்லுங்கோ. இஞ்சை பாருங்கோ. சிரியுங்கோ. உந்த மூண்டு வசனத்தோடை முப்பது வருஷம் சீவிச்சுப்போட்டான். கலியாண வீட்டுக்காரரைச் சங்கக்கடையிலை நிக்கிற மாதிரி வரிசையிலை விட்டு, மூஞ்சையிலை பளிச்செண்டு வெளிச்சம் அடிக்கிறது. உது படமே? உது குடிசன மதிப்பு!"

வாரத்தில் ஐந்து நாள் பிரதேச செயலகத்தில் கோப்புக் கட்டுகிறவன் சிவதர்ஷன். மீதி இரண்டு நாளும் கலைஞன். போன மாதம் கமரா வாங்கப் போனபோது, கடைக்காரர் பிலிப்பு பெட்டியோடு சேர்ந்து வருகிற சிறிய லென்ஸை எடுத்து நீட்டினார். பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து மில்லிமீற்றர் வரை கூடிக் குறைகிற, ஊரெல்லாம் வைத்திருக்கிற சாதாரண லென்ஸ்.

"உதைக் கடைக் கதவுக்கு முட்டுக் குடுங்கோ அண்ணை," என்றான் சிவதர்ஷன். "எனக்கு ஐம்பது. அசையாத ஐம்பது. துளை ஒன்று தசம் எட்டு."

ஒன்று தசம் எட்டு என்பதை அவன் மந்திரம் மாதிரிச் சொல்வான். அந்த அகலத்துக்கு லென்ஸின் கண்ணைத் திறந்தால் ஒரு பொருள் மட்டும் துலங்கும். மீதி உலகம் பாலில் போட்ட சீனி மாதிரிக் கரைந்துவிடும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தயாளினியின் கலியாண எழுத்தில், அதாவது பதிவில், கரைந்தது மாப்பிள்ளை.

எழுத்துக்கு ஜெறோமை வரவிடாமல் தடுத்தது சிவதர்ஷன்தான். பதிவாளர் வந்து உட்கார்ந்ததும், தன் காட்சிக்குள் வருகிறது என்று சொல்லி, அத்தனை பேருடைய போனையும் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியதும் அவன்தான். மாப்பிள்ளையின் தாய் கனகாம்பிகை மாமியின் போனும் அதற்குள்தான் போனது. இருநூற்றுப் பதினாலு படம் எடுத்தான். குத்துவிளக்குச் சுடர் இருந்தது. பதிவாளரின் பேனா முனை இருந்தது. அக்காவின் இடது கண் மடல் மிகத் தெளிவாக இருந்தது.

"படம் எடுக்கச் சொல்லி விட்டால், இவன் எல்லாருக்கும் படம் காட்டிப்போட்டான்," என்று அப்பா தேவராசா ஒரே வசனத்தில் விமர்சனத்தை முடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. தயாளினியைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல் பார்க்கிற ஐயா. மிக மரியாதையான மனிதர், மரியாதையாகவே கேட்டார்.

"பிள்ளை தயாளினி, படங்கள் பாத்தன். நல்ல வடிவு. ஒரு சின்னச் சந்தேகம். மாப்பிள்ளை எங்கை?"

"பின்னாலை இருக்கிறார் ஐயா."

"பின்னாலை மூண்டு வட்டம் தெரியுது, பிள்ளை. அதிலை எது அவர்?"

சிவதர்ஷன் போனருகே குனிந்தான். "நடுவிலை உள்ளது ஐயா. பக்கத்திலை மஞ்சளா இருக்கிறது மாமி. ஒன்று தசம் எட்டிலை எடுத்தால் பின்னணி அப்பிடிக் கரையும்."

"தம்பி, விசாக் கந்தோரிலை இருக்கிறவைக்குக் கரையிற மாப்பிள்ளை சரிவராது. கரையாத மாப்பிள்ளை வேணும்."

தயாளினி சிரிக்கவில்லை. ஐயா குரலைத் தணித்தார். இரண்டு பக்கத்துச் சனமும் ஒன்றாக, முகம் தெரிய நிற்கிற படம் வேண்டும். இல்லாவிட்டால் இது மெய்யான கலியாணந்தானா என்று கேட்பார்கள். கேட்கத் தொடங்கினால் வருஷக் கணக்கில் இழுபடும். மறுத்தாலும் மறுப்பார்கள்.

"அதோடை பிள்ளை, படிவத்திலை மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா எண்டு கிடக்கு. தர்சினி. அவவும் நிண்டால் நல்லது."

"அவருக்கு அக்கா இல்லையே ஐயா. ஒரே பிள்ளை எண்டுதானே மாமி சொன்னவ?"

"அவர்தான் தன்ரை கையாலை எழுதியிருக்கிறார்," என்றார் ஐயா. அதன் பிறகு லைன் அறுந்துவிட்டது.

தயாளினி போனைப் பார்த்தபடி நின்றாள். முப்பத்தொரு வயது. இரண்டு வருஷம் போனில் மட்டும் பேசிய மனிதனை மூன்று கிழமைக்கு முன்புதான் நேரில் கண்டாள். அந்த மாப்பிள்ளை ஜெயரூபன் இன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு வான் ஏறிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறான். அடுத்த லீவு எப்போது என்பது அவனுக்கே தெரியாது.

அம்மா பத்மாசினி குசினியிலிருந்து ஓடி வந்தார். "அதே சீலையைக் கட்டு. மாலையை மாத்திறமாதிரித் திருப்பி எடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"வேண்டாம் அம்மா. மெய்க் கலியாணத்துக்கு ஏன் பொய்ப் படம்? மத்தியானம் அவை எல்லாரும் சாப்பாட்டுக்கு வருவினம்தானே. அதை எடுத்தால் காணும்."

"அப்ப போனிலை எடுப்பம்."

தயாளினி ஜெயரூபனுக்கு அழைத்துப் படத்தைப் பற்றி மட்டும் கேட்டாள்; அக்கா விஷயத்தை நேரில் கேட்க வைத்துக்கொண்டாள்.

"மாமி போனுக்கு நிக்கமாட்டாவாம்." தயாளினி தம்பியைப் பார்த்தாள். "அண்டைக்குப் போன் கூடாது, இண்டைக்கு மட்டும் கூடுமோ எண்டு கேட்டவவாம். எழுத்துக்கு வந்தவளை மஞ்சள் வட்டமாக்கிப் போட்டாங்கள் எண்டு தங்கடை ஊர் புத்தூர் முழுக்கச் சொல்லித் திரியிறா. இவர் கெஞ்சினபிறகு, கமராவுக்கு எண்டால் ஒருக்கா நிப்பாவாம். ஒருக்காத்தான். விளங்குதோ?"

"ஜெறோமை..." என்றார் அம்மா.

ஜெறோம் மாதகலில் ஒரு தேவாலயக் கலியாணத்தில் நின்றார். பின்னேரம் ஆறு மணிக்கு முன் அசைய ஏலாதாம். "தம்பி இருக்கிறார்தானே," என்று அவர் சொன்ன விதத்தில் மெல்லிய இனிப்பு இருந்தது.

சிவதர்ஷன் கமராவை எடுத்துக்கொண்டு ஹோலுக்குள் போனான். வெளியே மாரி மழை. ஆகவே இரண்டு பக்கத்துச் சனம் பதினாறு பேரையும் ஹோலுக்குள்தான் நிறுத்தவேண்டும். ஹோல் பதினாலு அடி. அதிலும் ஒரு மூலையை விதை வெங்காயப் பிடிகள் பிடித்திருந்தன; கூரை வளையிலிருந்து தொங்குகிற அவற்றை அசைக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

அம்மாவை ஒரு சுவரோரம் நிறுத்தி, தான் மறுசுவரில் முதுகு முட்ட நின்று பார்த்தான். அம்மாவும் பக்கத்துக் கதிரையும் மட்டும் தெரிந்தன. விறாந்தைக்குப் போனான். நான்கு பேருக்கு இடம் வந்தது. முற்றத்தில் இறங்கினான். ஆறு பேர். அசையாத ஐம்பதில் பதினாறு பேரையும் பிடிப்பதென்றால் வேலி தாண்டி அயல் வீட்டுக் கிணற்றடியில் நிற்கவேண்டும். அங்கே நின்றால் மழை தெரியும், சொந்தக்காரர் தெரியமாட்டார்கள்.

"தம்பி," என்றாள் தயாளினி கதவடியிலிருந்து. "நூற்றி நாப்பத்தொராவது படம் இருக்கெல்லே, என்ரை கையும் மோதிரமும். அது எனக்கு நல்ல விருப்பம். மெய்யாத்தான் சொல்லுறன்."

அவனுக்கு முகம் மலர்ந்தது.

"ஆனா அது ஆற்றை கையாவும் இருக்கலாம்," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஒன்பதரைக்கு மழையங்கி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டான்.

பிலிப்புவின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் லென்ஸ்கள் நகைகள் மாதிரி இருந்தன. பிலிப்பு துவாய் ஒன்றை நீட்டினார். ஆளைத் துடைக்க அல்ல, கமராப் பையைத் துடைக்க.

"அகலமாப் பிடிக்கிற லென்ஸ் ஒண்டு பாக்கவேணும் அண்ணை," என்றான் சிவதர்ஷன். "என்ரை சிநேகிதன் ஒருத்தனுக்கு."

"ஓம் ஓம். சிநேகிதனுக்குத்தான் உந்த மழையிலை வந்திருக்கிறியள்." பிலிப்பு ஒரு கட்டை லென்ஸை எடுத்து வைத்தார். "இது பத்திலையிருந்து பதினெட்டு. நல்ல அகலம். ஒரு சின்ன அறைக்குள்ளை நிண்டு நாலு சுவரையும் எடுக்கலாம்."

சிவதர்ஷன் மாட்டிப் பார்த்தான். கடை முழுதும் உள்ளே வந்தது. மனம் குளிர்ந்தது.

"ஆனா ஒரு சங்கதி தம்பி. ஓரத்திலை நிக்கிற ஆக்களை இழுத்துப்போடும். கன்னம் ரண்டு பக்கமும் போகும், இடுப்பும் போகும். உங்கடை சிநேகிதன்ரை படத்திலை ஓரத்திலை ஆர் நிப்பினம்?"

சிவதர்ஷன் யோசித்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். மாப்பிள்ளை பக்கத்து ஓரத்தில்...

"மாமி," என்றான்.

பிலிப்பு லென்ஸைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்து அசையாத முப்பத்தைந்து. வெளிச்சம் நன்றாகக் குடிக்கும். "இதோடை முற்றத்துக்குப் போகவேணும்," என்றார். அடுத்து நீளக் குழாய் மாதிரி ஒன்று. "இதோடை அடுத்த ஊர் சங்கானைக்குப் போகவேணும்." இவ்வளவையும் காட்டியபிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். அதன்மேல் பேனையால் எழுதியிருந்தது: பண்டத்தரிப்புத் தம்பி.

பதினெட்டு, ஐம்பத்தைந்து.

"கதவுக்கு முட்டுக் குடுக்கச் சொன்னியள். குடுத்துப் பாத்தன், கதவு நிக்கேல்லை," என்றார் பிலிப்பு மிகுந்த கவலையோடு. "அதுதான் எடுத்து வைச்சனான்."

சிவதர்ஷன் பெட்டியைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை.

"யோசிக்கிறதுக்குள்ளை உங்கடை எழுத்துப் படங்களைக் காட்டுங்கோ பாப்பம்," என்றார் பிலிப்பு.

காட்டினான். சுடர். பேனா முனை. கண் மடல். பிலிப்பு ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னார். நூற்றி அறுபத்து மூன்றில் கையை நிறுத்தினார்.

"இஞ்சை ஒரு ஆள் தெரியுது."

அந்தப் படத்தைச் சிவதர்ஷன் அழிக்க நினைத்திருந்தான். அக்கா கையெழுத்து வைக்கும்போது எடுத்தது. கமரா தப்பான இடத்தைப் பிடித்துவிட்டது. அக்காவும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் கரைந்துபோக, நடுவே திறந்த கதவுக்கூடாக, முற்றத்துக்கு அப்பால் கேற்றடியில் பச்சைக் குடையோடு நின்ற ஒரு பெண் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் துலங்கினாள். கூரான மூக்கு. இடது கன்னத்தில் மச்சம்கூடத் தெரிந்தது.

"அது பிழைச்ச படம் அண்ணை. றோட்டாலை போன ஆரோ."

"றோட்டாலை போறவை உப்பிடி நிண்டு பாக்கமாட்டினம், தம்பி. இருநூற்றுப் பதினாலிலை பிழைச்ச இடத்திலைதான் ஒரு முகம் கிடக்கு."

அவன் பெட்டியை எடுத்து மழையங்கிக்குள் செருகிக்கொண்டான். "சிநேகிதனுக்குத்தான்," என்றான் வாசலில் நின்று.

"சிநேகிதனுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றார் பிலிப்பு. "பச்சைப் பெட்டி அடையாளத்திலை வைச்சால் மிச்சத்தைக் கமரா பாத்துக்கொள்ளும்."

பச்சைப் பெட்டி! எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கிற அந்த அடையாளத்தைச் சிவதர்ஷன் ஒருமுறை 'கண் தெரியாதவைக்கான பஸ் சீற்' என்று வர்ணித்திருந்தான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

வழியில் இரண்டு இடத்தில் வெள்ளம். வீட்டுக்கு வரப் பன்னிரண்டரை. புத்தூரிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

கனகாம்பிகை மாமி மஞ்சள் சீலையில் வரவில்லை. கறுப்புக் கரை போட்ட கடும் ஊதாவில் வந்திருந்தார். இனி எந்த லென்ஸும் தன்னைக் கரைக்க ஏலாது என்பதுபோல. சிவதர்ஷனைக் கண்டதும், "வாரும் தம்பி. இண்டைக்கு என்ன வட்டம்?" என்றார்.

ஹோலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அவசரமாக முருங்கைக்காய்க் கறி பரிமாறினார்.

"மச்சாள், நான் ஒளிக்காமல் கதைக்கிறன்," என்றார் மாமி அம்மாவிடம். "நான் இந்த எழுத்துக்கு வந்தனான். என்ரை பிள்ளைக்கு நான்தான் குங்குமம் வைச்சனான். நாளைக்கு ஆரும் கேட்டால், தாய் வரேல்லை எண்டுதானே படம் சொல்லும்? எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. ஒரே எழுத்து."

ஒரே பிள்ளை என்ற இடத்தில் ஜெயரூபனின் கை சோற்றில் நின்றது. தயாளினி அதைப் பார்த்தாள். கேட்கத்தான் வாயெடுத்தாள், பந்தியில் கேட்கிற கேள்வி இல்லை என்று விட்டுவிட்டாள் போலிருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தாள்.

இரண்டு மணிக்கு எல்லாரும் கை கழுவினார்கள். இரண்டேகாலுக்கு வான்காரன் போனில் அழைத்தான். வெள்ளம் என்பதால் நேரத்துக்கு முன்பே வருகிறானாம். இரண்டரைக்குப் பதினாறு பேரும் ஹோலில் சுவரோரம் கூடினார்கள்.

மாமி நடுவில் போட்ட கதிரையில் அமர்ந்தார். ஓரத்தில் நிற்க அவர் சம்மதிக்கவேயில்லை. "ஒருக்காத்தான்," என்றார்.

சிவதர்ஷன் கமராவைத் தூக்கினான். அதில் இன்னமும் ஐம்பது. கடைசி வரை ஒரு நப்பாசை. விறாந்தைக்குப் போனான். முற்றத்தில் இறங்கினான். அப்பா பின்னால் வந்து குடை பிடித்தார். அவனுக்குக் கூசியது. கண்ணை வைத்துப் பார்த்தான். மாமியின் முழங்கால், அக்காவின் பாதி, கதவு நிலை.

"தம்பி," மாமியின் குரல் உள்ளிருந்து வந்தது. "நீர் எங்களை எடுக்கிறீரோ, மழையை எடுக்கிறீரோ?"

கதிரை கிறீச்சிட்டது. மாமி எழும்புகிறார்.

"ஒரு நிமிஷம் மாமி! பற்றரி. பற்றரி மாத்தவேணும்!"

அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, உடுத்த சாரத்தை மாற்றுகிறவன் மாதிரி அக்கம் பக்கம் பார்த்து, ஐம்பதைக் கழற்றிக் கட்டிலில் வைத்தான். ஆணியில் தொங்கிய மழையங்கிக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தான். சிறிய லென்ஸ் 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது. இவ்வளவு நாளும் அதற்காகவே காத்திருந்ததுபோல. கமராவின் மேலே அடையாளங்கள் உள்ள சில்லைத் திருப்பினான். பச்சைப் பெட்டி. கமராவின் தலையில் சின்ன வெளிச்சம் தானாகத் துள்ளி எழும்பியது. அதை உள்ளே அமுக்கப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

வெளியே வந்து திறந்த கதவு நிலையில், முற்றத்துக்கு முதுகு காட்டி நின்றான். அப்பா குடையை மடக்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். கண்ணை வைத்தான்.

எல்லாரும் இருந்தார்கள். பதினாறு பேரும். எவரும் கரையவில்லை. ஜெயரூபன் அத்தானின் நெற்றித் திருநீறு தெரிந்தது. அக்காவின் கழுத்துச் சங்கிலியின் பதக்கம் தெரிந்தது. மாமியின் முகத்தை அவன் அன்றுதான் முதன்முதல் கமராவுக்கூடாகத் தெளிவாகப் பார்த்தான். கூரான மூக்கு. இதை எங்கோ கண்டிருக்கிறேனே என்று நினைத்தபடியே அழுத்திவிட்டான்.

பளிச்.

திரையைப் பார்த்தான். வெங்காயப் பிடிகூடத் துலக்கம். ஐயா கேட்ட படம் இதுதான். பதினாலு பேர் கமராவைப் பார்த்தார்கள்.

இரண்டு பேர் பார்க்கவில்லை. மாமியும் அத்தானும். இரண்டு பேருடைய கண்ணும் அவனுடைய இடது தோளுக்கு மேலால் எங்கோ போயிருந்தது. மாமியின் சிரிப்பு பாதியில் அறுந்து நின்றது.

சிவதர்ஷன் திரும்பினான்.

கேற்றடியில், மழைக்குள், பச்சைக் குடை. நூற்றி அறுபத்து மூன்றாவது படத்தில் நின்றவள். இடது கன்னத்து மச்சம் இந்தத் தூரத்தில் தெரியவில்லை. மூக்குத் தெரிந்தது.

"எடுத்தாச்சுத்தானே?" மாமி எழும்பினார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "வெளிக்கிடுவம். வானுக்கு நேரமாகுது."

"அம்மா," என்றான் ஜெயரூபன். ஒரு கை மட்டும் தாயின் தோளில் இருந்தது, பிடித்ததுமில்லை, விட்டதுமில்லை.

தயாளினி கணவனைப் பார்த்தாள். கேற்றைப் பார்த்தாள். காலையில் போனில் கேட்ட தர்சினி என்ற பெயர் அவள் உதடு வரை வந்து நின்றது. கணவனிடமிருந்து ஓரடி விலகி நின்றாள்.

அந்த ஓரடி இடைவெளியைச் சிவதர்ஷன் கமராவுக்கூடாகத்தான் பார்த்தான். மாமி இன்னும் ஒரு அடி வைத்தால் வரிசை கலையும். வரிசை கலைந்தால் இனி ஒருநாளும் சேராது.

"மாமி, இருங்கோ," என்றான். "படம் சரிவரேல்லை."

தன் படம் சரிவரவில்லை என்று சிவதர்ஷன் சொன்னது பிறந்ததிலிருந்து இதுவே முதல் தடவை. அப்பா மடக்கிய குடையோடு வரிசையில் நின்று அவனைப் பார்த்தார்.

மாமி உட்காரவில்லை. போகவுமில்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ," என்றான் சிவதர்ஷன். "இன்னும் ஒரு ஆளுக்கு இடம் வேணும்."

முதுகுக்குப் பின்னால் கேற்றின் கொளுக்கிச் சத்தம் கேட்டது. திறந்த சத்தமா, சாத்திக்கொண்டு போன சத்தமா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமல், மிக மெல்லச் சொன்னான்.

"இஞ்சை பாருங்கோ."